சுவரைப் பார்த்த பக்கம்

கேள்வித்தாளைப் புரட்டிப் பார்த்ததும் மோகனப்பிரியாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பாடா, எல்லாம் தெரிந்த கேள்விதான். காலையில் இரண்டு இட்லிக்கு மேல் இறங்கவில்லை. மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு, ராசிபுரத்துப் பெண், ஸ்பேனரைக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டு மாட்டிவிடுவாள், பேனாவைக் கொடுத்தால்தான் திணறுவாள். இந்தப் பாடத்துக்குத் 'தொழில்நுட்ப எழுத்துத் திறன்' என்று பெயர் வைத்தவரைப் பார்த்தால் இரண்டு வார்த்தை கேட்கவேண்டும் என்று ஹாஸ்டலில் எல்லோரும் பொருமிக்கொண்டிருந்தார்கள். அறிக்கை எப்படி எழுதுவது, குறிப்பாணை எப்படி எழுதுவது, ஒரு மெஷினை எப்படி ஓட்டுவது என்று அடுத்தவனுக்குப் புரிகிற மாதிரி எழுதுவது எப்படி, இதற்கெல்லாம் ஒரு பரீட்சையா, மூன்று மணி நேரமா? கணக்கில் ஏற்கெனவே ஒரு அரியர் கிடக்கிறது. இன்னொன்று விழுந்தால் துறைத்தலைவர் அறைக்கு அப்பாவைக் கூட்டிவந்து கையெழுத்துப் போட வைக்கவேண்டும், அது இந்தக் கல்லூரியின் வழக்கம். அப்பா லாரியை நாக்பூர்ப் பக்கம் எங்கேயோ ஓட்டிக்கொண்டிருப்பார், அவரை எங்கே பிடித்து எப்படிக் கூட்டிவருவது. அதெல்லாம் வேண்டாம், அதுதான் கேள்வி சுலபமாக வந்துவிட்டதே. மின்விசிறி டக்டக்கென்று தட்டிக்கொண்டு சுற்றியது. முன்னால் உட்கார்ந்திருந்தவளின் ஜடையில் காலையில் வைத்த கனகாம்பரம் அதற்குள் வாடியிருந்தது. மோகனா முதல் ஐந்து கேள்விகளையும் மளமளவென்று எழுதித் தள்ளினாள். ஆறாவது கேள்வியும் சின்னதுதான், இரண்டு மார்க். செய்முறைக் குறிப்புகளில் எச்சரிக்கைகள் எந்த இடத்தில் வரவேண்டும், ஏன்? இது தெரியாதா என்ன. எச்சரிக்கை, அது எந்தச் செயலைப் பற்றியதோ அந்தச் செயலுக்கு முன்னால் வரவேண்டும், ஏனென்றால் படிப்பவர் ஒவ்வொரு வரியாகப் படித்துப் படித்துச் செய்துகொண்டே போவார், செய்து முடித்தபின் எச்சரித்து என்ன பயன், என்று எழுதிக்கொண்டே வந்தவள், 'என்ன பயன்' என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினாள்.

மெஸ் சுவரில் ஒட்டியிருக்கிற தாள். அவளுடைய தாள். போன மாதம் ஆளுக்கொரு மெஷினுக்குச் செய்முறை எழுதிவரச் சொன்னார்கள், எல்லோரும் லேப்பில் இருக்கிற லேத்துக்கும் டிரில்லுக்கும் எழுதினார்கள், இவள் மட்டும் ஹாஸ்டல் மெஸ்ஸில் சோறு வேகிற ஸ்டீமருக்கு எழுதினாள். ஆள் உயர அண்டா, மூடிக்கு நாலு திருகு, பக்கத்தில் ஆவி வருகிற குழாய்க்கு ஒரு வால்வு, மூடிமேல் மிச்ச ஆவியை வெளியே விட ஒரு சின்னக் குழாய். பத்துக்குப் பத்து மார்க். இந்தப் பாடம் எடுக்கிற மேடம் அதோடு விடவில்லை, இது தினமும் ஒருத்தருக்கு உபயோகப்படும், லேமினேஷன் போட்டு மெஸ்ஸில் ஒட்டுங்கள் என்று சொல்லிவிட்டார். ஒட்டியது மெஸ் மேனேஜர். இவள் போனபோது தாள் சுவரில் ஜம்மென்று இருந்தது, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினாள், அம்மா அதை அத்தை வீட்டு வரைக்கும் காட்டிவிட்டு வந்தாள். அந்தப் போட்டோவைத்தான் இப்போது மனசுக்குள் இழுத்து இழுத்துப் பெரிசாக்கினாள். ஒன்றாவது, அரிசியைக் கழுவி. இரண்டாவது, மூன்றாவது. ஆறாவது, ஆவி வால்வை மூடவும். ஏழாவது, நான்கு திருகுகளையும் தளர்த்தி மூடியைத் திறக்கவும். அதோடு பக்கம் முடிந்தது. எட்டாவது கிடையாது. முன்னெச்சரிக்கைகள் என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டு, மூடியைத் திறக்கும் முன் மேல்குழாயைத் திறந்து ஆவி முழுவதும் வெளியேறியதை உறுதி செய்துகொள்ளவும் என்று எழுதினாளே, அது எங்கே? அது பின்பக்கத்தில். முன்னும் பின்னுமாகப் பிரிண்ட் எடுத்து, அப்படியே லேமினேஷன் போட்டு, அதைச் சுவரில் ஒட்டினால் பின்பக்கத்தை யார் படிப்பது. மேடம் கையில் வைத்துத் திருப்பிப் படித்தார், மார்க் போட்டார். மெஸ்ஸில் அது சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது, மோகனா, சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

ஏன் கடைசியில் எழுதினாய் என்று கேட்டால் அவளால் பதில் சொல்ல முடியும், அதுதான் கொடுமை. ரெக்கார்டு நோட்டில் அப்படித்தானே எழுதுவோம். நோக்கம், தேவையான கருவிகள், சூத்திரம், செய்முறை, அட்டவணை, முடிவு, எல்லாம் முடிந்தபிறகு கட்டக் கடைசியில் முன்னெச்சரிக்கைகள். பதினொன்றாம் வகுப்பு பிசிக்ஸ் லேப்பிலிருந்து அதே கதை, இடமாறு தோற்றப் பிழை இல்லாமல் அளவெடுக்க வேண்டும், கருவியைக் கவனமாகக் கையாள வேண்டும், நாலு வரி. யாருமே அதைப் படித்துவிட்டுச் சோதனை செய்ததில்லை, சோதனையெல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து, டிவி பார்த்துக்கொண்டே, பக்கத்தில் இருக்கிறவள் நோட்டைப் பார்த்து எழுதுகிற நாலு வரி அது. முடிந்துபோன வேலைக்கு முன்னெச்சரிக்கை. அட, இத்தனை வருஷம் இது ஒருத்தருக்கும் சிரிப்பாக வரவில்லையா? அதைவிட மோசம் இன்னொன்று. செய்முறை எழுதுவதற்காக மூன்று நாள் மெஸ்ஸில் போய் உட்கார்ந்து, சமையல்காரக் காளியம்மாக்கா ஸ்டீமரைக் கையாளுவதை நிமிஷம் நிமிஷமாகக் குறித்தாள். காளியம்மாக்கா வால்வை மூடுவாள், மேலே ஏதோ ஒன்றைக் கரண்டிக் காம்பால் தட்டிவிடுவாள், இடுப்பில் கைவைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்தபடி நிற்பாள், அப்புறம் திருகைக் கழற்றுவாள். அந்த நிற்கிற நேரத்துக்கு மோகனா என்ன எழுதினாள் தெரியுமா? 'இரண்டு நிமிடம் ஓய்வு.' பிறகு, ஓய்வெல்லாம் செய்முறையில் வராது என்று அதை அடித்தும் விட்டாள். அந்தப் பொம்பளை ஓய்வா எடுத்தாள், ஆவி சத்தம் அடங்குகிறதா என்று காது கொடுத்து நின்றாள். அந்த இரண்டு நிமிஷம்தான் செய்முறையே. மேல்குழாய் சமாச்சாரம் இவளுக்குத் தெரிந்தது கம்பெனிக்காரன் புத்தகத்தைப் பார்த்துத்தான், அதை எழுதிக் கொண்டுபோய்ப் பின்பக்கத்தில் போட்டாள். சரி, காளியம்மாக்காவுக்கு எந்தத் தாளும் வேண்டாம், அவள் கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வாள் என்று ஒரு கணம் நிம்மதியாக மூச்சு விட்டாள். விட்ட மூச்சு பாதியிலேயே நின்றது. காளியம்மாக்கா பவானிக்குப் போயிருக்கிறாள். மகளுக்குப் பிரசவம். ஞாயிற்றுக்கிழமையே போய்விட்டாள்.

அவள் இடத்துக்கு நேற்று ஒருத்தி வந்திருக்கிறாள். அம்சவேணி, முப்பது வயதிருக்கும், நூல் மில்லில் வேலை பார்த்தவளாம். நேற்று முழுக்க மேனேஜர் கூடவே நின்றார். இன்று காலை இட்லிக்கு வரிசையில் நிற்கும்போது மோகனா உள்ளே எட்டிப் பார்த்தாள், அம்சவேணி அந்தத் தாள் முன்னால் நின்று ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள், மேனேஜர் சைக்கிள் சாவியைச் சுழற்றிக்கொண்டே, எல்லாம் அதுலயே போட்டிருக்குது, பார்த்துப் பார்த்துச் செய்யி, நான் மார்க்கெட்டுக்குப் போய்ட்டு வர்றேன் என்றார். அதைப் பார்த்து மோகனாவுக்கு எவ்வளவு பெருமை! நம்ம எழுத்தை ஒருத்தி விரல் வைத்துப் படிக்கிறாள் என்று பக்கத்தில் நின்றவளிடம்கூடக் காட்டினாள். இப்போது அந்த விரலே கண்ணுக்குள் நின்றது. விரல் ஆறாவது வரிக்கு வரும். ஏழாவதுக்கு வரும். திருகு ஒன்று, திருகு இரண்டு. பத்தாம் வகுப்புப் படிக்கும்போது குக்கர் மூடியை அவசரப்பட்டுத் திறந்து முழங்கையில் ஆவி அடித்தது, சின்னக் குக்கர், அரைப்படி அரிசி, அதற்கே தோல் வெந்து பதினைந்து நாள் கையை மடக்க முடியவில்லை, அந்த அடையாளம் இன்னும் இருக்கிறது, வெயில் பட்டால் இப்போதும் அரிக்கும். இது இருநூறு பேருக்கு வேகிற சோறு. அம்சவேணி உயரம் கம்மி. மூடிக்கு நேராக முகம் வரும். வேண்டாம், அதை நினைக்காதே, ஏழாவது கேள்வி என்ன, மின்னஞ்சலில் பொருள் வரியின் அவசியம். எழுது. கை எழுதியது, என்ன எழுதியது என்று கைக்குத்தான் தெரியும். சுவர்க் கடிகாரத்தில் பத்து இருபத்தைந்து. பதினொன்றுக்கு முன்னால் யாரும் வெளியே போகக்கூடாது, அது பரீட்சை விதி. ஸ்டீமரை எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும், அவள்தானே குறித்தவள், பதினொன்றேகால், தப்பினால் பதினொன்றரை.

சாரிடம் சொன்னால் என்ன? கண்காணிப்புக்கு வந்தவர் வேறு கல்லூரி, மூக்கைச் சிந்திக்கொண்டே கைக்குட்டையும் கையுமாக நடந்துகொண்டிருந்தார். மோகனா கையைத் தூக்கினாள். அவர் வந்தார், கேட்கக்கூட இல்லை, ஒரு கூடுதல் தாளை மேசைமேல் வைத்துக் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போய்விட்டார். இவள் அதை வாங்கி வைத்துக்கொண்டாள். என்ன பெண் இவள், வாயில் என்ன கொழுக்கட்டையா? ஆனால் எப்படிச் சொல்வது என்று யோசித்துப் பாருங்கள். சார், போன மாசம் எங்களுக்கு ஒரு அசைன்மென்ட் குடுத்தாங்க, அதுல நான் ஹாஸ்டல் ஸ்டீமருக்கு எழுதினேன், அதை மேடம் லேமினேஷன் போடச் சொன்னாங்க, அதுல முன்பக்கம் ஏழு வரி இருக்கும் சார், பின்பக்கம் வந்து. அதற்குள் அவர் தும்மிவிட்டு அடுத்த வரிசைக்குப் போயிருப்பார். ஒருத்தி முகம் வெந்துபோகும் என்பது கடைசி வரியில் வருகிறது. பார், மறுபடியும் கடைசியில். அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. போன் பையில் இருக்கிறது, பை வராந்தாவில் இருக்கிறது, இருந்தும் மெஸ் நம்பர் யாரிடம் இருக்கிறது. ஒருவேளை மேனேஜர் மார்க்கெட்டிலிருந்து திரும்பியிருப்பார். ஒருவேளை காளியம்மாக்கா போவதற்கு முன்னால் சொல்லிக்கொடுத்திருப்பாள், எப்படிச் சொல்வாள், அவள் போனது ஞாயிறு, அம்சவேணி வந்தது திங்கள். நேற்று மேனேஜர் செய்துகாட்டியிருப்பார், அவருக்கே தெரியுமோ என்னமோ. ஒருவேளை, ஒருவேளை என்று மனசு மெஸ்ஸுக்கும் ஹாலுக்கும் நடையாய் நடந்தது, கை பாட்டுக்கு ஒரு வியாபாரக் கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தது, ஐயா, தாங்கள் அனுப்பிய பம்புகளில் மூன்று பழுதடைந்த நிலையில் வந்து சேர்ந்தன. பத்து மணி ஐம்பது. முன்னால் உட்கார்ந்தவளின் ஜடையிலிருந்து ஒரு பூ உதிர்ந்து மேசைமேல் விழுந்தது. முழங்கைத் தழும்பு அரித்தது.

பதினொன்று அடித்தது. எழுந்திரு என்றது மனசு, உடம்பு எழுந்திருக்கவில்லை. இதுவரை எழுதியதைக் கூட்டிப் பார்த்தாள், சின்னக் கேள்வி பத்து, பெரிய கேள்வி ஒன்றும் பாதியும், எவ்வளவு தாராளமாகத் திருத்தினாலும் பாஸ் மார்க் வராது. இன்னும் ஒரே ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் வந்துவிடும், தெரிந்த கேள்விகள், எல்லாமே தெரிந்த கேள்விகள். அப்பா துறைத்தலைவர் அறைக்கு வெளியே பெஞ்சு நுனியில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது, லாரியில் போட்டுக்கொள்கிற சட்டையை மாற்றி அயர்ன் பண்ணிய வெள்ளைச் சட்டை, மடியில் ஒரு பை. அவர் ஒன்றும் திட்டமாட்டார், அதுதான் தாங்காது. ஒன்றும் ஆகியிருக்காது, இத்தனை நாள் ஆகவில்லையே என்று ஒரு குரல் சொன்னது. இத்தனை நாள் காளியம்மாக்கா இருந்தாளடி என்று இன்னொரு குரல். அந்த விரல் மறுபடி வந்தது, வரிக்கு வரி நகருகிற விரல், இவள் எழுத்தை அப்படியே நம்புகிற விரல். இதுவரை இவள் எழுதியதை அப்படி நம்பி யார் படித்திருக்கிறார்கள், மார்க் போடுகிறவர்கள் தவிர? பதினொன்று ஐந்துக்கு மோகனப்பிரியா எழுந்து நின்றாள். சார் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு, இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கும்மா, போனா திரும்ப விடமாட்டோம் என்றார். தெரியும் சார் என்றாள். பதினோரு மணிக்கு எழுந்து போகிற அளவுக்கு என்ன அவசரம் என்று அவர் கேட்டபோது, இந்தத் தடவை முதல் வரியே சரியாக வந்தது.

"மெஸ்ல ஒருத்தங்க மேல ஆவி அடிச்சிரும் சார், நான் போகணும்."

அவர் உடனே கையை நீட்டினார். தாளை வாங்கிக்கொண்டார்.

ஓடினாள். பையை எடுக்கவில்லை. நூலகத்தைச் சுற்றிப் போகிற தார்ரோட்டை விட்டுவிட்டு, போகக்கூடாது என்று போர்டு வைத்திருக்கிற புல்வெளியைக் குறுக்கே மிதித்துக்கொண்டு, செருப்பு வார் அறுந்து அதையும் அங்கேயே விட்டுவிட்டு, மண் சுடச் சுட ஓடினாள். காதில் ஆவி சத்தம் கேட்கிற மாதிரி இருந்தது, தன் மூச்சுதான் அது. யாராவது கத்துகிறார்களா என்று கேட்டாள், யாரும் கத்தவில்லை, கத்தி முடித்துவிட்டார்களோ என்று நினைத்ததும் இன்னும் வேகமாக ஓடினாள். மெஸ் பின்வாசலில் பால் கேன்கள், ஒரு பூனை, வாசற்படியில் தண்ணீர். உள்ளே நுழைந்தாள். நேரத்துக்கு முன்னாலேயே ஸ்டீமர் திறந்து கிடந்தது. மூடி சுவரில் சாய்த்து வைத்திருந்தது. சோறு பெரிய தாம்பாளத்தில் மலையாகக் குவிந்து மெல்லப் புகைந்துகொண்டிருந்தது, புழுங்கலரிசி வாசம் கும்மென்று அடித்தது. ஆள் எங்கே? ஆள் கவிழ்த்துப்போட்ட டிரேமேல் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். மோகனா முதலில் கையைத்தான் பார்த்தாள். இரண்டு கை, பத்து விரல், கண்ணாடி வளையல், நகத்தில் பச்சைக் கறை. அப்புறம் முகத்தைப் பார்த்தாள். வேர்வை, மூக்குத்தி, நெற்றியில் கலைந்த பொட்டு, அவ்வளவுதான், வேறு ஒன்றுமே இல்லை. அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். உடம்பில் இருந்த எலும்பெல்லாம் யாரோ உருவிக்கொண்ட மாதிரி இருந்தது, அவ்வளவு சுகமாக இருந்தது. சாமி, சாமி என்று வாய் முணுமுணுத்தது, எந்தச் சாமி என்று அதற்கே தெரியாது.

அம்சவேணி பதறிப்போய்க் கத்தியை வைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். மயக்கமா, பரீட்சை கஷ்டமா, சாப்பிடாமப் போனீங்களா என்று வரிசையாகக் கேட்டாள். மோகனா தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுவரைக் காட்டினாள், அது நான் எழுதினது, அக்கா என்றாள். அம்சவேணியின் முகம் சுருங்கிவிட்டது. தப்புச் செய்து மாட்டிக்கொண்டவள் மாதிரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். கண்ணு, கோவிச்சுக்காதீங்க, அதுல நான் கொஞ்சம் கிறுக்கிப்போட்டனுங்க என்றாள். மோகனாவுக்குப் புரியவில்லை. எழுந்து போய்ப் பார்த்தாள். ஆறாவது வரிக்கும் ஏழாவது வரிக்கும் நடுவில், எண்ணெய் டின்னுக்குத் தேதி போடுகிற நீல மார்க்கரில், ஒரு பக்கம் சரிந்த எழுத்தில், இரண்டு வரி.

மேல்குழாயைத் திற. சத்தம் அடங்கட்டும்.
அப்புறம் தொடு.

காலையில் மேனேஜர் மார்க்கெட்டுக்குப் போனபின் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது தாளின் ஒரு மூலை ஆவி பட்டுப் பிரிந்து தொங்கியதாம். ஒட்டலாம் என்று போனவள் பின்னால் எழுத்து இருப்பதைப் பார்த்துப் பாதியை உரித்துப் படித்திருக்கிறாள். மில்லில் வேலை பார்க்கும்போது இப்படித்தான் ஒரு மெஷினில் பக்கத்து ஆளுக்கு விரல் போனது, அதிலிருந்து எந்த மெஷினைப் பார்த்தாலும் மூடியைத் தொடுவதற்கு முன்னால் நாலு பக்கமும் பார்ப்பேன் என்றாள். சொன்னதும் வாய் தன்னால் சிரிப்பில் கோணியது.

"முக்கியமானதப் பொறவாண்ட எழுதியிருக்கீங்களே கண்ணு, செவுரு படிக்கறதுக்குங்களா?"

மோகனா சிரித்தாள். சிரிப்பு என்றால் சாதாரணச் சிரிப்பில்லை, கண்ணில் தண்ணீர் கொட்ட, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நிறுத்தமுடியாமல் சிரித்தாள், அம்சவேணிக்கும் அது தொற்றிக்கொண்டது. எத்தனை அழகான இரண்டு வரி. இவள் எழுதியதில் உறுதி செய்துகொள்ளவும் என்று இருந்தது, எப்படி உறுதி செய்வது என்று இல்லை. இதில் காது இருக்கிறது. காளியம்மாக்கா இடுப்பில் கைவைத்து நின்ற அந்த இரண்டு நிமிஷம் அப்படியே இருக்கிறது, அவளைப் பார்க்காதவள் எழுதியும் இருக்கிறது. அரியர் விழும், சந்தேகமே இல்லை, நவம்பரில் மறுபடி எழுதிக்கொள்ளலாம். அப்பா வருவார், வெள்ளைச் சட்டையோடு பெஞ்சில் உட்காருவார், கையெழுத்துப் போடுவார், இது ஏன் விழுந்தது என்று அவருக்கு முதல் வரியிலேயே சொல்லிவிடலாம், அவர் வண்டி ஓட்டுகிறவர், புரிந்துகொள்வார். திடீரென்று பயங்கரமாகப் பசித்தது. காலையில் சாப்பிட்ட இரண்டு இட்லி எந்தக் காலத்திலோ கரைந்துவிட்டது. அம்சவேணி கேட்காமலே ஒரு தட்டில் சுடுசோறு போட்டு ரசத்தை ஊற்றினாள், ஊற்றிக்கொண்டே தாளைத் திரும்பிப் பார்த்து, அழிச்சிரட்டுங்களா, மேனேஜர் பார்த்தாத் திட்டுவாரு என்றாள். அழிக்காதீங்கக்கா என்று மோகனா வாய் நிறையச் சோற்றோடு சொன்னாள். அப்புறம் அம்சவேணி டிரேமேல் உட்கார்ந்து பீன்ஸை எடுத்துக்கொண்டு, பரீட்சைல அப்படி என்னதான் கேட்டாங்க, பாதியில எந்திரிச்சு வந்துட்டீங்க என்றாள்.

"எச்சரிக்கைய எங்க எழுதணும்னு கேட்டாங்கக்கா."

"எங்க எழுதோணுமாமா?"

மோகனா ரசம் வழிகிற விரலால் நீல எழுத்தைக் காட்டினாள்.